பாதாளத்தில் வாழும் ராட்சசக் கணவாய்

கடலிலே பிழைப்பவன் தான் கண்டதைச் சொன்னால், கரையிலே இருப்பவன் நகைப்பது எல்லாத் தேசங்களிலும் உள்ள வழக்கம். நடுக்கடலில் மரக்கிளைகளைப் போன்ற கைகளையுடைய ஒரு ஜந்து எழுந்தது என்று சொன்ன மாலுமிகளை, ஐரோப்பாவின் பண்டிதர்கள் நெடுங்காலம் நம்பவில்லை. ஆனால் அந்த ஜந்து உண்மையில் இருக்கிறது. அதன் அலகும் கண்ணும் முழு உடலும் இன்று பொருட்காட்சிசாலைகளில் வைக்கப் பெற்றிருக்கின்றன. எனினும் அது வாழும் ஆழத்திலேயே அதை உயிரோடு மனிதன் படம் பிடித்தது 2004-ஆம் வருஷத்திலேதான். சந்திர மண்டலத்தில் மனிதன் கால் வைத்து முப்பத்தைந்து வருஷங்கள் கழிந்த பிறகு! இவ்வளவு பெரிய பிராணி இவ்வளவு காலம் எவ்வாறு ஒளிந்திருந்தது, யாருடைய பொறுமையால் அது வெளிப்பட்டது என்பதை நாம் அறிந்துகொள்வது பயனுள்ளதாகும்.

கணவாயின் குலம்

கணவாய் நமக்குப் புதிய பிராணி அன்று. நம்முடைய பரதவர்கள் ஊசிக் கணவாய், ஓட்டுக் கணவாய், பேய்க் கணவாய் என்று அவற்றை வகை பிரித்து வழங்குகிறார்கள். மீன் வாடையே அறியாத வீட்டாருக்குங்கூட, நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்ற பெயரில் விற்கும் வெண்மையான பொருள் பழக்கமானதுதான். அது நுரையன்று, ஓட்டுக் கணவாயின் முதுகுக்குள்ளே இருக்கும் ஓடு. கணவாயை மீனோடு சேர்த்து விற்றாலும் அது மீன் இனத்தைச் சேர்ந்ததன்று. நத்தை, சங்கு, சிப்பி ஆகியவையே அதற்குச் சுற்றம்.

நாம் இங்கே சொல்லப் புகுந்த ராட்சசக் கணவாய், ஊசிக் கணவாயின் வகையைச் சார்ந்தது. 'ஆர்க்கிட்யூதிஸ் டக்ஸ்' என்பது விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயர். முதன்மையான கணவாய் என்பதும், தலைவன் என்பதும் அப்பெயரின் இரண்டு பகுதிகளுக்கும் பொருள். முழு வளர்ச்சியடைந்த பெண் கணவாய், நுனியிலிருந்து நுனிவரை ஏறக்குறைய நாற்பது அடி நீளம் இருக்கும். ஆண் அதனினும் சிறியது. நாற்பது அடி என்றதும் வீடு போன்ற உருவத்தை நினைத்துவிடக் கூடாது. அந்த நீளத்தில் பெரும் பகுதி, இரையைப் பற்றுவதற்காக நீளும் இரண்டு மெல்லிய கைகளே. உடல் ஏழு அடிக்குச் சற்று மேற்படும். நிறை முந்நூறு கிலோகிராமுக்கு உட்பட்டதே.

அதன் அமைப்பைச் சிறிது பார்ப்போம். அம்பறாத்தூணியைப் போன்ற உடல். அதற்குள் எலும்புக்குப் பதிலாகக் கொம்புப் பொருளால் ஆன மெல்லிய தகடு ஒன்று. தலையைச் சுற்றி எட்டுக் கைகள். அவற்றைத் தவிர இரண்டு நெடுங்கைகள். கைகள் முழுவதும் உறிஞ்சு கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பிலும் ரம்பம் போன்ற பற்களையுடைய வளையம் உண்டு. கைகளின் நடுவே கிளியின் மூக்கை ஒத்த அலகு. உடலுக்குள் இழுத்த நீரைக் குழாய் ஒன்றின் வழியே விசையோடு பீச்சி, அதன் எதிர்விசையால் அது பாய்ந்து செல்கிறது.

அதற்கு இருதயம் மூன்று. இரண்டு, செவுள்களுக்கு இரத்தத்தைச் செலுத்துகின்றன. மூன்றாவது, உடல் முழுவதற்கும் செலுத்துகிறது. நம் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை அதன் இரத்தத்தில் செம்பு செய்கிறது. ஆகவே காற்றுப் பட்ட இரத்தம் நீல நிறமாகத் தோன்றும். எல்லாவற்றிலும் விந்தையானது அதன் மூளை. அது வளையம் போன்றது. அந்த வளையத்தின் நடுவே உணவுக்குழல் செல்கிறது. ஆதலால் இரையை அலகினால் அரிந்து, பல் பதித்த நாக்கினால் அராவிச் சிறு துணுக்குகளாக்கியே அது விழுங்க வேண்டும். அவசரமாக விழுங்கினால் மூளைக்கே ஆபத்து! உணவை மெல்லாமல் விழுங்கும் குழந்தைகளுக்குத் தாய்மார்கள் இந்தச் செய்தியைச் சொல்லலாம்.

அதன் தசையில் நவச்சாரத்தை ஒத்த அம்மோனிய உப்பு கரைந்திருக்கிறது. கடல்நீரைவிட லேசான அந்தத் திரவம், முயற்சியின்றி ஆழத்தில் மிதந்து நிற்க உதவுகிறது. அதே காரணத்தால் அதன் மாமிசம் மனிதர் வாயில் வைக்கத் தகாதது.

கண்ணோ கால்பந்தைவிடப் பெரிது. அதன் குறுக்களவு 27 சென்டிமீட்டர் வரை இருக்கும். சூரிய ஒளி எட்டாத இடத்தில் இத்துணைப் பெரிய கண் எதற்கு? ஸ்வீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த டான்-எரிக் நில்சன் என்பவரும் அவர் குழுவினரும் 2012-இல் இதற்கு ஒரு விடை கூறினார்கள். ஆழ்கடலில் மின்மினியைப் போல ஒளிவிடும் நுண்ணிய உயிர்கள் எண்ணற்றவை. பெருந்திமிங்கிலம் ஒன்று பாய்ந்து வரும்பொழுது அவ்வுயிர்கள் கலைந்து ஒளிர்கின்றன. நூற்றிருபது மீட்டருக்கு அப்பாலேயே அந்த மங்கலான ஒளிவடிவத்தைக் கண்டு தப்புவதற்கு இப்பெரிய கண் பயன்படுகிறது என்பது அவர்கள் கணக்கு.

பொய்யும் அவநம்பிக்கையும்

சாதாரணக் கணவாய்க்கு மேற்பட்ட பெரிய இனம் ஒன்று உண்டு என்றும், அது ஐந்து முழம் வரை வளரும் என்றும் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே எழுதிவைத்தார். அவர் சொன்ன அளவு மிதமானது. பின்வந்தவர்கள் அந்த மிதத்தைக் கைவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நார்வே தேசத்துப் பாதிரியார் பொன்டோப்பிடான், 'கிராக்கன்' என்னும் கடற்பூதத்தின் சுற்றளவு ஒன்றரை மைல் என்று எழுதினார். பிரெஞ்சு ஆராய்ச்சியாளரான டெனி த மோன்ஃபோர் என்பவர் சங்கு, சிப்பிகளைப் பற்றிய கல்வியில் தேர்ந்தவர். அவரோ 1782-இல் பத்துப் போர்க்கப்பல்கள் மறைந்ததற்கு இத்தகைய ஜந்துக்களே காரணம் என்று சாதித்தார். அந்தக் கூற்றுப் பொய்யென்று வெளிப்பட்டபோது அவருடைய பெயர் கெட்டது. அவர் வறுமையில் மாண்டார்.

நம் கடலையும் இந்தப் புளுகு விட்டுவைக்கவில்லை. 1874-ஆம் வருஷம் ஜூலை மாதம் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு செய்தி வெளிவந்தது. கொழும்பிலிருந்து சென்னையை நோக்கி வந்த 'ஸ்டிராதோவன்' என்னும் நீராவிக் கப்பலின் பிரயாணிகள், 'பேர்ள்' என்னும் பாய்க்கப்பலை வங்காள விரிகுடாவில் ஒரு மகா கணவாய் பற்றிக் கவிழ்த்ததைக் கண்ணால் கண்டார்கள் என்பது அச்செய்தி. 'பேர்ள்' 150 டன் கப்பல் என்று அதிலேயே சொல்லப் பெற்றிருந்தது. முந்நூறு கிலோவுக்கு உட்பட்ட ஒரு பிராணி அத்தகைய கப்பலைக் கவிழ்த்தது என்பதை நாம் ஏற்பதற்கில்லை.

இவ்வாறு மிகைப்படுத்திப் பேசியவர்களால் உண்மைக்கு நேர்ந்த தீங்கு சிறிதன்று. பொய்யைக் கேட்டுச் சலித்த அறிஞர்கள், மெய்யைச் சொன்னவர்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்.

ஓர் அலகு தந்த வெளிச்சம்

இந்நிலையில், சொல்லை விட்டுப் பொருளைத் தேடியவர் டென்மார்க் தேசத்து விஞ்ஞானி யாப்பெட்டஸ் ஸ்டீன்ஸ்டிரப். 1853-இல் அந்நாட்டுக் கடற்கரையில் ஒரு பெரிய கணவாய் ஒதுங்கியது. கரையிலிருந்தவர்கள் அதைத் துண்டு துண்டாக்கித் தூண்டில் இரைக்குப் பயன்படுத்திவிட்டார்கள். ஸ்டீன்ஸ்டிரப் கைக்கு எட்டியது அதன் அலகு. அதைக் கொண்டு, பழைய ஏடுகளில் வரும் கடற்பூதங்களில் சில உண்மையில் பெருங்கணவாய்களே என்று அவர் துணிந்தார். 1857-இல் அவ்வினத்துக்கு மேலே சொன்ன பெயரையும் சூட்டினார்.

நான்கு வருஷங்கள் சென்றன. 1861-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி, கானரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃபுக்கு அருகே 'அலெக்டன்' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் இத்தகைய ஜந்து ஒன்றை நீர்மட்டத்தில் கண்டது. குண்டுகளாலும் ஈட்டிகளாலும் தாக்கி, கயிற்றுச் சுருக்கு இட்டு இழுத்தார்கள். மென்மையான உடலைக் கயிறு அறுத்துவிட்டது. வாலின் ஒரு பகுதி மட்டும் கப்பலில் ஏறியது. கப்பல் தலைவர் முறையாக அறிக்கை எழுதி அனுப்பினார். அப்போதுங்கூடப் பாரிஸ் நகரத்தில் பலர் நம்ப மறுத்தார்கள். நாவலாசிரியர் ஜூல் வெர்ன் மட்டும் அந்த நிகழ்ச்சியைத் தம் கடலடிப் பயண நாவலில் எடுத்தாண்டார்.

ஐயத்தைத் தீர்த்தவர்கள், வட அமெரிக்காவை அடுத்த நியூபவுண்ட்லாந்துத் தீவின் ஏழை மீனவர்கள். 1873-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், டாம் பிக்கட் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் இரண்டு பெரியவர்களோடு படகில் சென்றான். நீரில் மிதந்த ஏதோ ஒன்றை அவர்கள் குத்த, அது படகைக் கைகளால் பற்றியது. கைகள் கோடரியால் வெட்டுண்டதும் அது மை கக்கி மறைந்தது. படகில் எஞ்சிய நெடுங்கை பத்தொன்பது அடி நீளம். அதை அவர்கள் செயின்ட் ஜான்ஸ் நகரில் இருந்த மோசஸ் ஹார்வி என்னும் பாதிரியாரிடம் கொண்டுபோனார்கள். ஹார்வி நகைக்கவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த மாதமே லாகி விரிகுடாவில் வேறு மீனவர்களின் வலையில் முழுக் கணவாய் ஒன்று அகப்பட்டது. அவர் பத்து டாலர் கொடுத்து அதை வாங்கினார். தம் வீட்டுக் குளியல் தொட்டியின் மேலிருந்த கம்பியில் அதன் தலையையும் கைகளையும் தொங்கவிட்டுப் புகைப்படம் எடுப்பித்தார். ராட்சசக் கணவாயின் முதற் புகைப்படம் அதுவே. ஏல் சர்வகலாசாலைப் பேராசிரியர் வெர்ரில் அவற்றை ஆராய்ந்து விவரமாக எழுதினார். அதன்பின் கணவாய் உண்டா இல்லையா என்னும் வாதம் ஓய்ந்தது.

திமிங்கிலத்தின் சாட்சி

உண்டு என்று தெரிந்தது. எங்கே, எவ்வாறு வாழ்கிறது என்று தெரியவில்லை. இதற்குச் சாட்சி சொன்னது 'ஸ்பெர்ம்' திமிங்கிலம். ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கி இரை தேடும் திமிங்கிலம் இது. அம்பர் என்னும் விலையுயர்ந்த வாசனைப் பொருளும் இதன் குடலில் உண்டாவதே. இதன் தோலில் வட்ட வட்டமான தழும்புகள் காணப்பட்டன. அவை கணவாயின் உறிஞ்சு கிண்ணங்கள் பதித்த முத்திரைகள். இதன் வயிற்றில் கணவாய்களின் அலகுகள் ஜீரணமாகாமல் கிடந்தன. ஆங்கிலேய விஞ்ஞானி மால்கம் கிளார்க் பல்லாண்டுகள் அந்த அலகுகளைச் சேகரித்தார். அலகின் அளவைக் கொண்டு கணவாயின் நிறையைக் கணக்கிடும் வழியையும் வகுத்தார். யாரும் உயிரோடு காணாத ஒரு பிராணி ஆழ்கடலில் மிகுந்து வாழ்வதைத் திமிங்கிலத்தின் வயிறே அறிவித்தது.

கீழ்த்திசை விஞ்ஞானியின் வெற்றி

ஆகவே, திமிங்கிலம் மேயும் இடத்தில் கணவாய் இருக்க வேண்டும். இந்த எண்ணத்தோடு அமெரிக்க ஸ்மித்ஸோனியன் நிலையத்தின் கிளைட் ரோப்பர் நியூஸீலாந்தின் கைகூரா ஆழ்பள்ளத்துக்கு 1997-இலும் 1999-இலும் சென்றார். தானே இயங்கும் கருவிகள், மனிதர் ஏறும் நீர்மூழ்கி ஆகிய சாதனங்கள் இருந்தன. கணவாய் அகப்படவில்லை.

வெற்றி டோக்கியோ தேசியப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த சுனேமி குபொதெராவுக்கும், அவருடைய துணைவர் கியோயிச்சி மோரிக்கும் கிட்டியது. டோக்கியோவுக்குத் தெற்கே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டரில் உள்ள ஒகசவாராத் தீவுகளில் திமிங்கிலங்கள் எந்தக் காலத்தில் எங்கே மூழ்குகின்றன என்று அவர்கள் குறித்துவந்தார்கள். அவ்விடத்தில் நீண்ட கயிற்றை இறக்கினார்கள். அதன் நுனியில் தூண்டிலும் இரைக் கணவாயும். அருகே முப்பது விநாடிக்கு ஒருமுறை படம் எடுக்கும் காமிரா. ஒரு மீன்பிடிக்காரன் புரிந்துகொள்ளக்கூடிய எளிய ஏற்பாடு இது.

2004-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி காலை 9-15 மணிக்கு, 900 மீட்டர் ஆழத்தில், ராட்சசக் கணவாய் இரையின்மேல் பாய்ந்தது. நெடுங்கை தூண்டிலில் மாட்டிக்கொண்டது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அது போராடியது. காமிரா ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. இறுதியில் நெடுங்கை அறுந்து, கணவாய் தப்பியது. மேலே வந்த ஐந்தரை மீட்டர் நீளமுள்ள அந்தக் கை, படகின் தளத்தையும் நீட்டிய விரல்களையும் இன்னும் பற்றிக்கொண்டிருந்தது! ராட்சசக் கணவாய் மந்தமாக மிதந்து, வந்த இரையைத் தின்னும் சோம்பேறி என்று அதுவரை பலர் கருதியிருந்தார்கள். அது விரைந்து பாய்ந்து வேட்டையாடும் பிராணி என்று இப்படங்கள் காட்டின.

2006 டிசம்பரில் குபொதெரா ஓர் இளங்கணவாயை நீர்மட்டத்துக்கு இழுத்துச் சலனப்படம் எடுத்தார். 2012 ஜூலையில் ஆழத்திலேயே அதன் நடமாட்டம் சலனப்படமாயிற்று. இதற்கு எடித் விட்டர் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் யோசனை பெரிதும் உதவியது. இரைச்சலோடும் வெள்ளை விளக்கோடும் இறங்கும் யந்திரங்களைக் கண்டு ஆழ்கடற் பிராணிகள் விலகி ஓடுகின்றன என்று அவர் சொன்னார். கணவாயின் கண்ணுக்குப் புலப்படாத செந்நிற ஒளியை அமைத்தார். ஓசையின்றி மிதக்கும் காமிராவை இறக்கினார். ஆபத்தில் அகப்பட்ட ஜெல்லி மீன் ஒளிர்வதைப் போலவே ஒளிரும் ஒரு பொய் இரையை அதனோடு கட்டினார். கணவாய் வந்தது. குபொதெராவும் அதே பயணத்தில் நீர்மூழ்கியில் அமர்ந்து, வெள்ளியும் பொன்னும் கலந்தாற்போல மின்னிய அந்தப் பிராணியைத் தம் கண்ணாலேயே கண்டார். 2019 ஜூனில் மெக்ஸிகோ வளைகுடாவில் 759 மீட்டர் ஆழத்தில் விட்டரின் காமிரா மற்றொரு கணவாயைப் படம் பிடித்தது.

இன்னும் அறிய வேண்டியது

பல கடல்களிலிருந்து கிடைத்த நாற்பத்துமூன்று கணவாய்களின் பரம்பரை அணுக்களை 2013-இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முன்னே பல இனங்கள் என்று பிரித்தெண்ணியவை யாவும் ஒரே இனமே என்று முடிவு கண்டார்கள். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள முட்டையிலிருந்து பிறப்பது நாற்பது அடி வளர்கிறது. அந்தக் குஞ்சுகள் நீரோட்டங்களோடு உலகமெங்கும் பரவுவதே இந்த ஒருமைக்குக் காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

இதற்கு ஒரு பங்காளியும் உண்டு. தென்துருவக் கடலில் வாழும் மகா கணவாய், நீளத்தில் இதற்குப் பிற்பட்டது, நிறையில் முற்பட்டது. 2007-இல் ராஸ் கடலில் அகப்பட்ட ஒன்று 495 கிலோகிராம் இருந்தது. திமிங்கிலத்தின் வயிற்றில் கிடைத்த கைகளைக் கொண்டு 1925-இல் அவ்வினத்துக்குப் பெயரிட்டார்கள். அதன் குஞ்சு ஒன்றைக் கடலில் உயிரோடு படம் பிடித்தது 2025 மார்ச்சில். இடையே நூறு வருஷங்கள்!

மனிதன் நன்றாக அறியுமுன்னரே இவற்றுக்குத் தீங்கு செய்துவிடுவானோ என்னும் கவலையும் எழுந்திருக்கிறது. ஸ்பெயின் தேசத்து அஸ்டூரியாஸ் கரையில் 2001-இலும் 2003-இலும் ராட்சசக் கணவாய்கள் பல செத்து ஒதுங்கின. அச்சமயம் அக்கடலில் நிலத்தடி அமைப்பை அறிவதற்காகக் காற்றுத் துப்பாக்கிகளால் பேரோசை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சில கணவாய்களின் உட்செவி போன்ற உறுப்பு சிதைந்திருந்ததைக் கண்ட ஸ்பானிய ஆராய்ச்சியாளர்கள், அந்த ஓசையே காரணமாகலாம் என்று எழுதினார்கள். ஒளியையும் ஓசையையும் அடக்கியபோது நெருங்கி வந்த பிராணி, பேரோசைக்கு உயிரைக் கொடுக்க நேர்ந்தது என்றால் அது வருந்தத்தக்கதே.

நம் நாட்டுக்கு மூன்று பக்கமும் கடல். ஆழ்கடல் ஆராய்ச்சியில் நாமும் இறங்கியிருக்கிறோம். மூவர் ஏறி 6,000 மீட்டர் ஆழம் செல்லத்தக்க 'மத்ஸ்யா 6000' என்னும் நீர்மூழ்கியை அமைக்கும் பணியைச் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய சமுத்திரத் தொழில்நுட்ப நிலையம் மேற்கொண்டது. பெரிய யந்திரங்கள் வேண்டியவையே. ஆனால் இந்த வரலாற்றில் அறிவுக்கு வழி திறந்தவை ஓர் அலகு, ஒரு சிறுவன் கொணர்ந்த அறுந்த கை, திமிங்கிலத்தின் வயிற்றில் கிடந்த மிச்சங்கள், ஒரு நீண்ட கயிறு ஆகிய இவையே என்பதை நாம் மறக்கலாகாது. நம் பரதவர்களின் வலையில் இனம் தெரியாத ஏதேனும் ஏறினால், அதைக் கடலில் எறியாமல் எடுத்துவரவும், எடுத்துவந்தால் நகைக்காமல் வாங்கி வைக்கவும், அவர்கள் சொல்வதைத் தேதியிட்டு எழுதிக்கொள்ளவும் நம் கடற்கரை ஊர்ப் பள்ளிக்கூடங்களும் கலாசாலைகளும் பழக வேண்டும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஹார்விக்குச் செலவு பத்து டாலர்தான்.